ஃபயர்வாட்ச்: முதன்முறை ஆடப் போகிறவர்களுக்கு

காட்டுக்குள் நடக்கிற விளையாட்டு வேண்டும், ஆனால் சுடுவதும் வெட்டுவதும் வேண்டாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது ஃபயர்வாட்ச்தான். இதில் எதிரி கிடையாது, மதிப்பெண் கிடையாது, செத்துப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதும் கிடையாது. ஒரு மனிதன் காட்டில் நடக்கிறான்; கையிலிருக்கும் வாக்கி டாக்கியில் ஒரு பெண்ணோடு பேசுகிறான். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நிதானமாக ஆடினால் நிறைய இருக்கிறது. எப்போது முடியும் என்று பார்த்து ஆடினால் ஒன்றுமில்லை.

கேம்போ சாண்டோ என்ற சான் பிரான்சிஸ்கோ நிறுவனத்தின் முதல் விளையாட்டு இது. 2016 பிப்ரவரி 9 அன்று வெளிவந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற பரிசைப் பெற்றது. வாக்கி டாக்கியில் பேசும் அந்தப் பெண்ணான டெலிலாவுக்குக் குரல் கொடுத்த சிஸ்ஸி ஜோன்ஸுக்கும் அதே மேடையில் நடிப்புக்கான பரிசு கிடைத்தது. முகமே காட்டாத பாத்திரத்துக்கு நடிப்புப் பரிசு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கவனித்து ஆட வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கதை நடப்பது 1989 கோடையில், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து ஷோஷோன் தேசிய வனத்தில். பக்கத்திலேயே யெல்லோஸ்டோன் பூங்கா. அதற்கு முந்தைய ஆண்டுதான் யெல்லோஸ்டோனில் ஏறக்குறைய 7.9 லட்சம் ஏக்கர் எரிந்தது. பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கடும் வறட்சி, விடாத காற்று, அதோடு மின்னல் வைத்த தீயைத் தானாக எரிந்தடங்க விடலாம் என்று அதுவரை இருந்த கொள்கை, எல்லாம் ஒன்றுசேர்ந்துகொண்டன. செப்டம்பர் நடுவில் மழையும் பனியும் விழுந்த பிறகுதான் தணிந்தது. அந்தச் சூடு ஆறாத ஆண்டில் ஹென்றி என்பவன் தீக்கண்காணிப்புக் கோபுரத்தில் வேலைக்கு வருகிறான். அந்த ஹென்றிதான் நீங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு இந்த வேலையைப் புரியவைக்க ரொம்பப் பாடுபட வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் ராத்திரி பஸ்ஸில் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, மலைமேல் சிவப்பாக ஒரு கோடு மெல்ல நெளிந்து போவதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அந்தக் கோடு எங்கே தொடங்கியது என்று முதலில் பார்த்துச் சொல்கிற ஆள்தான் ஹென்றி.

எதில் ஆடுவது

செல்போனுக்கு இந்த விளையாட்டு வரவில்லை. கணினி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவற்றில் இருக்கிறது. நம்மில் பலருக்கு இருப்பது மடிக்கணினி என்பதால் அதையே பேசுவோம்.

குறைந்தபட்சம் 64 பிட் விண்டோஸ், ஐ3 தரத்தில் ஒரு ப்ராசஸர், 6 ஜிபி ரேம், 1 ஜிபி நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் கார்டு என்று கேட்கிறார்கள். பள்ளியில் முன்பு கொடுத்த 4 ஜிபி ரேம் மடிக்கணினியில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். அதற்கு ஏற்ற வேறொரு விளையாட்டைக் கடைசியில் சொல்கிறேன். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத, ஆனால் ஓரளவு புதிய மடிக்கணினி என்றால் திரை அளவையும் படத்தரத்தையும் குறைத்து வைத்து ஓட்டிப் பார்க்கலாம். வேகமான அசைவு எதுவும் இல்லாத விளையாட்டு என்பதால் கொஞ்சம் திணறினாலும் கெட்டுப்போகாது.

வாங்குவது ஸ்டீம் என்ற இணையக் கடையில். முழு விலை கொடுக்கத் தேவையில்லை. ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் அங்கே தள்ளுபடி விற்பனை நடக்கும். பழைய விளையாட்டு என்பதால் அப்போது நன்றாக விலை இறங்கும். யுபிஐயில் பணம் கட்டலாம். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே வாங்கிய அன்றே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் இயந்திரம் தாங்குகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

வட்டில் 4 ஜிபி இடம் வேண்டும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். பதிவிறக்கத்தைப் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். ஒருமுறை இறக்கிவிட்டால் ஆடுவதற்கு இணையம் தேவையில்லை.

இன்னொன்று. இது பெரியவர்களுக்கான விளையாட்டு. கெட்ட வார்த்தைகள் தாராளமாக வரும், குடி வரும், ஏரியில் துணியில்லாமல் குளிக்கிற காட்சி ஒன்று தூரத்தில் வரும். ஹாலில் டிவியோடு இணைத்து வீட்டார் முன்னால் ஆடுவதற்கு ஏற்றதல்ல. சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து ஆடவும் வேண்டாம்.

தொடங்குமுன்

ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். இதைக் கட்டாயம் என்றே சொல்வேன். காலடிச் சத்தம், காற்று, தூரத்துப் பறவை, நடுவில் கரகரவென்று வரும் ரேடியோ, இவை இல்லாவிட்டால் பாதி விளையாட்டு போய்விடும்.

அமைப்புகளுக்குள் போய் ஆங்கில வசன வரிகளை இயக்குங்கள். தமிழ் கிடையாது. ஹென்றியும் டெலிலாவும் அமெரிக்க ஆங்கிலத்தில் வேகமாக, பாதி விழுங்கிப் பேசுவார்கள். கேலியும் கிண்டலும் ஜாஸ்தி. காதால் பிடிக்க முடியாதது கண்ணால் பிடிபடும். பிளஸ் டூ அளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும். அடிக்கடி வரும் சில சொற்களை மட்டும் முன்கூட்டித் தெரிந்துகொண்டால் சிரமமில்லை: லுக்அவுட் என்றால் கோபுரம், அதில் காவலிருக்கும் ஆளுக்கும் அதே பெயர், டிரெயில் ஒற்றையடிப் பாதை, கேஷ் என்பது காட்டில் ஆங்காங்கே வைத்திருக்கும் பொருள் பெட்டி.

அதே அமைப்புகளில், வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் குறியை வைத்துக்கொள்வதா நிறுத்துவதா என்று ஒரு தெரிவு இருக்கும். கதையின் முதல் நாள் முழுக்க அது இருக்கட்டும். இரண்டாம் நாளிலிருந்து நிறுத்திவிடுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதல் பத்து நிமிடம்

விளையாட்டு காட்டில் தொடங்காது. கறுப்புத் திரையில் சில வரிகள் வரும். நடுநடுவே உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஹென்றி 1975இல் போல்டர் நகரில் ஜூலியாவைச் சந்தித்தது, நாய் வளர்த்தது, கல்யாணம், சண்டை என்று போகும். பிறகு ஜூலியாவுக்கு இளவயதிலேயே மறதிநோய் வருகிறது. இந்தப் பகுதியைச் சட்டென்று தட்டிவிட்டு 'விளையாட்டு எப்போது தொடங்கும்' என்று கேட்கிறவர்கள் அதிகம். தொடங்கிவிட்டது. அங்கே நீங்கள் தேர்ந்தெடுக்கிற ஒவ்வொன்றும் ஹென்றி எதிலிருந்து தப்பித்து இந்தக் காட்டுக்கு வந்தான் என்பதைச் சொல்கிறது. நாய்ப் பெயரிலிருந்து எல்லாமே பிற்பாடு பேச்சில் திரும்பி வரும்.

நல்லவனாகத் தெரியும்படி தேர்ந்தெடுக்க மெனக்கெட வேண்டாம். எந்தப் பக்கம் போனாலும் ஹென்றி கொஞ்சம் சங்கடப்படத்தான் வேண்டியிருக்கும். கதை அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. வீட்டில் மறதிநோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் கனமாக இருக்கலாம். தெரிந்தே உள்ளே போங்கள்.

வாக்கி டாக்கி

உங்கள் கோபுரத்தின் பெயர் டூ ஃபோர்க்ஸ். டெலிலா உங்கள் மேலதிகாரி. அவள் கோபுரத்தின் பெயர் தோரோஃபேர். உங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் தூரத்து மலையில் சின்னதாகத் தெரியும். நீங்கள் இருவரும் பேசுவது ரேடியோவில் மட்டும்.

நடக்கும்போது எதையாவது உற்றுப் பார்த்தால் திரையில் ரேடியோ அடையாளம் தோன்றும். அதை அழுத்தினால் அந்தப் பொருளைப் பற்றி டெலிலாவிடம் சொல்லலாம். முதல் நாளே ஏரிக்குப் போகும் வழியில் பீர் டப்பாக்கள் கிடக்கும். குனிந்து ஒன்றை எடுங்கள், ரேடியோவை அழுத்துங்கள். கிண்டலாகச் சொல்லலாம், எரிச்சலாகச் சொல்லலாம், டப்பாவைப் பேசாமல் போட்டுவிட்டும் போகலாம். கதை நகர இது எதுவும் தேவையில்லை. ஆனால் அந்த ஒரு டப்பாவிலிருந்து கிளம்புகிற பேச்சில்தான் அவள் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குப் பிடிபடத் தொடங்கும்.

பதில் சொல்லும் நேரத்தில் இரண்டு மூன்று வரிகள் திரையில் வரும், கூடவே நேரம் குறைந்துகொண்டே போகும். பதறாதீர்கள். நேரம் தீர்ந்தால் தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை. ஹென்றி பேசவில்லை என்று அர்த்தம். பேசாமல் இருந்ததை அவள் கவனிப்பாள், சில சமயம் அதைப் பற்றியே கேட்பாள். எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்ததே இதுதான். மற்ற விளையாட்டுகளில் எல்லாக் கேள்வியையும் கேட்டு முடித்தால்தான் அடுத்த கதவு திறக்கும். இங்கே ஒருத்தி மனைவியைப் பற்றிக் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டு மேற்கொண்டு நடப்பதும் ஒரு பதில்தான்.

ஒரு எச்சரிக்கை. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது வேகமாக ஓடி அடுத்த இடத்துக்குப் போய்விட்டால், அங்கே வேறு பேச்சு தொடங்கி முந்தையது அறுந்து போகலாம். அவள் பேசும்போது ஓடாதீர்கள். நில்லுங்கள், அல்லது நடங்கள். ஓடும் பொத்தானை மறந்துவிட்டாலும் நல்லதுதான்.

அப்புறம், 'சரியான பதில் எது' என்று யூடியூபில் தேட வேண்டாம். உங்கள் பதில்களால் முடிவு பெரிதாக மாறிவிடாது. மாறுவது இருவருக்கும் இடையிலான பேச்சின் சாயல்தான். அதைத் தெரிந்துகொண்டு ஆடினால் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயமே இருக்காது. ஒரு கட்டத்தில் தீ ஒன்றுக்குப் பெயர் வைக்கச் சொல்வாள். மனதில் தோன்றுவதை வையுங்கள்.

வரைபடமும் திசைகாட்டியும்

இதில் திரை மூலையில் குட்டி வரைபடமோ, போக வேண்டிய இடத்தைக் காட்டும் மிதக்கும் அம்போ கிடையாது. ஹென்றி ஒரு கையில் காகித வரைபடத்தையும் இன்னொரு கையில் திசைகாட்டியையும் எடுத்து வைத்துப் பார்ப்பான். நீங்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

செய்முறை எளிது. முதலில் நீங்கள் நிற்கும் இடத்தில் ஏதாவது அடையாளத்தைப் பிடியுங்கள்: ஓடை, பாறைச்சரிவு, பாதை பிரியும் இடம், பெயர்ப்பலகை. அதை வரைபடத்தில் கண்டுபிடியுங்கள். போக வேண்டிய இடம் அதற்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு திசைகாட்டி அந்தத் திசையைக் காட்டும்வரை உடம்பைத் திருப்புங்கள். அந்தப் பக்கம் போகும் பாதையில் நடங்கள், நேர்கோட்டில் போக முயலாதீர்கள். பாறையும் புதரும் மறிக்கும். அடுத்த அடையாளம் வந்ததும் மறுபடி பாருங்கள்.

இருப்பிடக் குறியை நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான். குறி இருந்தால் உங்கள் கண் காகிதத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் காட்டைப் பார்த்தே ஆக வேண்டும். தண்டர் கேன்யன், காட்டன்வுட் கிரீக், வாப்பிட்டி மெடோ என்ற பெயர்கள் வெறும் எழுத்தாக இல்லாமல், பள்ளம், ஓடை, புல்வெளி என்று கண்ணுக்குப் பழகிவிடும். அந்தக் காடு உண்மையில் சின்னதுதான். கொஞ்ச நேரத்தில் வரைபடம் இல்லாமலே வீடு திரும்பத் தெரிந்துவிடும்.

ஒளியையும் கவனியுங்கள். ஒலி மோஸ் என்ற ஓவியர் அடுக்கடுக்கான தட்டை நிறங்களில் வரைந்த காட்சிகளை ஜேன் இங் முப்பரிமாணக் காடாக மாற்றினார். காலை ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம். புகை சூழ்ந்த நாட்களில் எல்லாமே செம்மஞ்சளாகிவிடும்.

பொருள் பெட்டிகள்

காட்டில் ஆங்காங்கே பூட்டிய பெட்டிகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான்: 1234. (பாதுகாப்பு எப்படி என்று பார்த்தீர்களா?) முதல் பெட்டியைத் தவறவிட முடியாது, கயிறு அதில்தான் கிடைக்கும். கயிறு வந்த பிறகு செங்குத்தான சரிவுகளில் இறங்கலாம், ஏறலாம். கோடாலி கொஞ்சம் தாமதமாக வரும். அது கிடைக்கும்வரை சில பாதைகள் அடைபட்டே இருக்கும், அங்கே முட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

பெட்டியின் மூடிக்குள்ளே ஒரு வரைபடம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து ஹென்றி தன் வரைபடத்தில் குறித்துக்கொள்வான். ஆகவே வழியில் ஒரு பெட்டி தெரிந்தால் தாண்டிப் போகாதீர்கள். ஒவ்வொன்றும் உங்கள் வரைபடத்தை வளர்க்கும்.

அதைவிட முக்கியம், உள்ளே கிடக்கும் துண்டுச் சீட்டுகள். ரான், டேவ் என்று இருவர் முந்தைய பருவங்களில் ஒருவருக்கொருவர் எழுதி வைத்துவிட்டுப் போனவை. ஒன்றில் பைன் காய் பற்றி ஏதோ வம்பு, இன்னொன்றில் நக்கல். அந்த இருவரையும் நீங்கள் பார்க்கவே போவதில்லை. ஆனாலும் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தால் அவர்கள் நட்பு எங்கே தொடங்கி எங்கே போனது என்று விளங்கும். முக்கியக் கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நான் விட மாட்டேன்.

கோபுரத்துக்குள்

கோபுர அறையின் நடுவில் வட்டமான ஒரு கருவி இருக்கும். ஆஸ்போர்ன் ஃபயர் ஃபைண்டர் என்று பெயர். அமெரிக்க வனத்துறையில் இருந்த ஆஸ்போர்ன் என்பவர் உருவாக்கியது. நடுவில் அந்தப் பகுதி வரைபடம், சுற்றிலும் பாகைகள் குறித்த வளையம், எதிரெதிரே இரண்டு குறிபார்க்கும் துளைகள். புகை தெரிகிற பக்கம் வளையத்தைத் திருப்பிக் குறிபார்த்தால் திசையைப் பாகையில் படிக்கலாம். ஒரே புகையை இரண்டு கோபுரத்திலிருந்து பார்த்து, இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தைக் குறித்தால் தீ இருக்கும் இடம் கிடைத்துவிடும். இப்போது நம் ஊர் வனத்துறைக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை வருகிறது. 1989இல் ஹென்றிக்கு இருந்தது இந்த வட்டமும் இரண்டு கண்ணும்தான்.

அஞ்செட்டிப் பக்கம் ராகிக் காட்டில் யானைக்குக் காவலிருக்கும் என் சித்தப்பா மகன் இந்தக் கோபுரத்தைத் திரையில் பார்த்துவிட்டு, "நம்ம பரணாட்டமே இருக்குதுண்ணா" என்றான். கொஞ்ச நேரம் பார்த்தான். "யானையே வராதா? அப்புறம் எதுக்கு ராத்திரியெல்லாம் உக்காந்திருக்கான்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் கேட்டதும் நியாயம்தான். இங்கே எந்த மிருகமும் உங்கள்மேல் பாயாது. பயம் வரும், ஆனால் அது வேறு பக்கத்திலிருந்து வரும்.

எப்படிப் பிரித்து ஆடுவது

மொத்தம் நாலு, ஐந்து மணி நேரம். ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம், ஆனால் வேண்டாம். கதை 'முதல் நாள்', 'இரண்டாம் நாள்' என்று பிரிந்து வரும். பிறகு வாரக்கணக்கில் தாவும். ஒவ்வொரு நாளின் தலைப்பும் நிறுத்துவதற்குத் தோதான இடம். இரண்டு அல்லது மூன்று அமர்வில் முடிப்பது நல்லது. விளையாட்டு தானாகவே சேமித்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் ஆடும்போது கரண்ட் போனால் சில நிமிட ஆட்டம்தான் திரும்ப ஆட வேண்டியிருக்கும்.

சுற்றிப் பார்க்க ஆசையென்றால் முதல் பாதியிலேயே சுற்றிவிடுங்கள். எங்கேயோ ஓர் ஆமை இருக்கிறது, கண்டுபிடித்தால் வளர்க்கலாம். கதை சூடுபிடித்த பிறகு டெலிலா அவசரமாக ஓரிடத்துக்குப் போகச் சொல்லும்போது நீங்கள் ஆமை தேடிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது.

வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், வரைபடத்தைத் திறந்து போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்; அப்புறம் வந்த வழியே ஒரு பெயர்ப்பலகைவரை திரும்பிப் போங்கள். அப்படியும் முடியவில்லையென்றால் குறியைச் சற்று நேரம் இயக்கிக்கொள்ளுங்கள். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

முடிவைப் பற்றி ஆடியவர்களிடையே இன்றும் சண்டை உண்டு. 'இவ்வளவு மர்மம் காட்டிவிட்டு இப்படியா முடிப்பது' என்று ஒரு கூட்டம். நான் மற்றக் கூட்டம். பத்து நிமிட முன்கதையைக் கவனித்துப் படித்தவர்களுக்கு அந்த முடிவு பிடிக்கும் என்பது என் கணிப்பு.

முடித்த பிறகு

கதையில்லாமல் காட்டில் சும்மா நடக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதே காட்டில், உருவாக்கியவர்களின் பேச்சைக் கேட்டபடி நடக்கும் ஒலிச் சுற்றுலாவும் உண்டு. முடிக்குமுன் அந்தப் பக்கம் போகாதீர்கள், கதையின் ரகசியம் எல்லாவற்றையும் உடைத்துவிடுவார்கள்.

ஆடி முடித்த சூட்டில் பைக்கை எடுத்துக்கொண்டு பெட்டமுகிலாளம் பக்கம் கிளம்பிக் காட்டுக்குள் இறங்கிவிடலாம் என்று தோன்றும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அங்கே யானை நிஜமாகவே வரும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நடக்க வேண்டுமென்றால் தமிழ்நாடு வனத்துறை நடத்தும் 'ட்ரெக் தமிழ்நாடு'வில் முன்பதிவு செய்து போங்கள். நம் பக்கத்துக் குத்திராயன் மலையும் அந்தப் பட்டியலில் உண்டு. தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மடிக்கணினிக்காரர்களுக்குச் சொன்ன விளையாட்டு: எ ஷார்ட் ஹைக். ஆடம் ராபின்சன்-யூ 2019இல் வெளியிட்டது. செல்போன் சிக்னல் தேடி மலையுச்சிக்குப் போகும் கிளேர் என்ற பறவையின் கதை. தங்க இறகுகளைச் சேர்க்கச் சேர்க்க உயரமாக ஏறலாம், அங்கிருந்து மிதந்து இறங்கலாம். கெட்ட வார்த்தை இல்லை, பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடலாம். இரண்டு மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய்விடலாம். ஆனால் கடற்கரையில் மீன்பிடிக்க உட்கார்ந்துவிட்டால் நேரம் போவதே தெரியாது.